பரத் காப்பாற்றிய ஸ்டேஷன்

"இந்தத் தூணைத் தட்டிப் பாருங்க, இளவேனில். முழுசா ஒரே கல்லு. வெள்ளைக்காரன் காலத்துக் கல்லு!"

பரத் சொன்னதும் இளவேனில் நிஜமாகவே தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக்கூடக் கேட்டாள். பரத்துக்கு அந்தத் தூணின் மேல் பொறாமையாக இருந்தது.

ஆனேக்கல் பக்கத்துக் குட்டி ஸ்டேஷன் அது. காலை ரயில் இன்னும் வரவில்லை. அது இன்னும் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பயணி பரத்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஹாஸ்டல் வாசலுக்கே கம்பெனி கேப் வரும். அதை விட்டுவிட்டு ரயில் கூட்டத்தில் அவன் நசுங்கிப் போவதற்குக் காரணம், ஒரு மாதமாக இந்தப் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும் இளவேனில். ரயில் வந்தால் அவள் பெண்கள் பெட்டிக்குப் போய்விடுவாள். அதற்குள் பேசினால்தான் உண்டு.

அந்தப் பிழைப்பிலும் மண் விழுந்தது. பழைய ஸ்டேஷனை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். கட்டி முடிக்கும்வரை ரயில் இங்கே நிற்காதாம். ரயில் நிற்காவிட்டால் இளவேனில் எங்கே, அவன் எங்கே? அன்றைக்கே பரத் பாரம்பரியக் காவலன் ஆகிவிட்டான்.

மங்களூர் ஓடு, தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரை என்று வாய் ஓயாமல் பேசினான். எல்லாம் போனில் படித்தது.

"உத்தரம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?" என்று அறைத்தோழன் சஞ்சய் கேட்டான்.

"மேலே எங்கயோ இருக்கும்டா" என்று சமாளித்தான் பரத்.

இப்போது கூரையைத் தாங்கும் அந்த உத்தரத்தைத்தான் இளவேனிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். "இதைப் போய் இடிக்கிறது பாவங்க. மறுபடி இப்படி ஒண்ணு யாரால கட்ட முடியும்?" குரல் தானாகவே தழுதழுத்தது. அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"ஸ்வல்ப ஜருகி, சார்" என்று கன்னடத்தில் நகரச் சொல்லி, பூக்கூடைக்கார அம்மா ஒருத்தி அவனை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

"தேக்குதானா? நல்லாத் தெரியுமா?" என்றாள் இளவேனில்.

"சத்தியமா தேக்கு!"

அவள் போனை எடுத்துக் கூரையைப் படம் பிடித்தாள். தானும் படத்தில் விழட்டுமே என்று பரத் தலையைச் சாய்த்து நின்றான்.

"கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றாள்.

"இடிக்கக் கூடாதுன்னு ஒரு மனு போடுறோம். நீங்களும் கையெழுத்துப் போடணும்" என்றான் பரத்.

"ஐயோ, நான் போடக் கூடாதுங்க. ஆனா நீங்க பேசுங்க, கேக்க நல்லா இருக்கு."

கேட்க நல்லா இருக்கு! அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பரத் ஒரு வாரம் முழுக்கப் பேசினான். ஆபீஸ் மீட்டிங்கில்கூட வாய் தவறிச் சுண்ணாம்புக் காரை என்று சொல்லிவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். இன்று மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு. அவன் வாய் திறக்கும் முன்னால் இளவேனிலே ஓடி வந்தாள்.

"பரத், ஜெயிச்சுட்டீங்க! ஸ்டேஷனை இடிக்கலை!"

"நிஜமாவா? யாருங்க சொன்னது?"

"நான்தான். இடிக்கலாமா வேண்டாமான்னு பாத்துச் சொல்ல வந்த இன்ஜினியரே நான்தாங்க. ஒரு மாசமா தினமும் காலையில இதைப் பாத்துட்டுத்தான் ஆபீஸுக்கு ரயில் ஏறினேன். முடிவு வர்ற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது. இடிச்சிடலாம்னுதான் நெனச்சிருந்தேன். உங்க பேச்சைக் கேட்டு மனசு மாறிட்டேன்."

பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சுக்கு ஒரு மனசு மாறியது என்பது அவன் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"அப்போ... ரயில் வழக்கம்போல இங்கயே நிக்கும்?"

"அதெப்படிங்க? இவ்ளோ அருமையான கட்டடத்துல கூட்டம் ஏறி இறங்க விடலாமா? அடுத்த வாரத்துலேர்ந்து ரயில் இங்க நிக்காது, இது மியூசியம். என் வேலையும் முடிஞ்சுது, நாளைக்கு ஹூப்ளி கிளம்பறேன். ஆனா நீங்க மட்டும் எப்ப வேணும்னாலும் இந்தத் தூணை வந்து பாக்கலாம் பரத், உங்ககிட்ட டிக்கெட் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்!"