பூப்பாறைக்கு அப்பால்

மூன்றாவது ஞாயிறும் வண்டி பூப்பாறையைத் தாண்டியதும் நின்றுபோனது. முதலில் ஒரு திணறல், பிறகு இரண்டு இழுப்பு, அப்புறம் செயின் ஓடும் சத்தம் மட்டும்.

மிக்கேல்ராஜ் இறங்கி ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தான், பொறி நன்றாகத்தான் வந்தது. டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினான், பாதிக்கு மேல் பெட்ரோல் தளும்பியது. மூடியைப் போட்டுவிட்டு உதைத்தான். நாலாவது உதையில், ஒன்றுமே நடக்காதது போல இஞ்சின் ஓடத் தொடங்கியது.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டி இறக்கத்தில் மூன்று வளைவு போனால் அந்த இடம். நம்பி இறங்க மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைச் சூரியநெல்லிக்கே திருப்பினான். திரும்பி வரும்போது அது ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லை என்பதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

போன வருஷம் மழையில் அந்த வளைவில்தான் வழுக்கிப்போய்ச் சுவரில் மோதினான். தொடையில் கம்பி, தேனி ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள். வண்டி எட்டு மாதம், அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. காலை ஊன்றி நடக்க வந்ததும் அவன் செய்த முதல் வேலை, அதை அக்கு அக்காகப் பிரித்ததுதான்.

சேஸிஸை நிமிர்த்தினான். இஞ்சினை இறக்கி வேலை பார்த்தான். நசுங்கிப்போன டேங்குக்கும் உடைந்துபோன கார்பரேட்டருக்கும் பதிலாகப் பழசில் தேடிப் பிடித்து மாட்டினான். டீ பாக்டரிக்குப் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். அதில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவன் பாக்டரிக்குப் போகவா அதை உயிர்ப்பித்தான்? அந்த வளைவை ஒரே ஒரு முறை தாண்டிவிட வேண்டும். தூக்கத்தில் அவன் இன்னும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தான்.

அவன் மனைவி டின்சி தடுக்கவே இல்லை. லயத்தில் எல்லோருக்கும் அது ஆச்சரியம். வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொல் என்று பக்கத்து வீட்டு செபமாலையம்மாள் வந்து சொன்னபோதுகூட, அவர் இஷ்டம் அக்கா என்று முடித்துவிட்டாள். பீர்மேட்டில் ஜீப் ஓட்டிய அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். கார்பரேட்டரைப் பிரிக்கும்போது திருகாணி சிதறாமல் தட்டில் வாங்கி வைத்தாள். தான் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் டிரைவரிடம் சொல்லி அடிமாலியிலிருந்து கார்பரேட்டருக்குப் புது ஜெட் வரவழைத்ததும் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்களன்று ஜெட்டை மாற்றினான். செவ்வாயன்று மிதவையின் உயரத்தைச் சரிபார்த்தான். புதனன்று ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகித் திருகி, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்தான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை பஜாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வீரபாண்டியிடம் கொண்டுபோனான். அவன் மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிவிட்டு, குழந்தை மாதிரி ஓடுது, இதில் எதைச் சரிபண்ணுவது என்று கேட்டான். பூப்பாறையைத் தாண்டினால்தான் தெரியும் என்றான் மிக்கேல்ராஜ். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றான் வீரபாண்டி.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போனார்கள். பூப்பாறை தாண்டியது. திணறல், இரண்டு இழுப்பு, நின்றுவிட்டது.

மிக்கேல்ராஜ் வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்தான். காற்று புஸ்ஸென்று உள்ளே போன மெல்லிய சத்தம் வீரபாண்டியின் காதில் விழுந்தது. மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"கார்பரேட்டர்ல ஒண்ணுமில்லண்ணே. மூடியில ஊசித்துளை இருக்குல்ல, பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாத்தான் காத்து உள்ள போகணும். அது அடைச்சிருக்கு. கொஞ்ச தூரத்துக்கு உள்ள இருக்கிற காத்து தாங்கும், அப்புறம் பெட்ரோல் இறங்காது."

ஒரு கம்பி இழையால் குத்தி எடுத்தான். வெள்ளையாக ஏதோ வந்தது. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, குளிக்கிற சோப்பு என்றான். லயத்துப் பிள்ளைகளின் சேட்டையாக இருக்கும் என்று இருவருமே முடிவு செய்தார்கள்.

அதற்குள் மலைமேல் மூடுபனி இறங்கிவிட்டது. இதில் இறங்க வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீரபாண்டி சொல்ல, மிக்கேல்ராஜும் மறுக்கவில்லை. வண்டியின் நோய் தெரிந்துவிட்டது. அதுவே அவனுக்குப் பாதி வளைவைத் தாண்டிய மாதிரி இருந்தது.

வீட்டில் டின்சி கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், மூடியை, துளையை, சோப்பை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"எந்தப் பய செஞ்ச வேலையோ, ஒரு மாசமா கார்பரேட்டரை நோண்ட வச்சுட்டான். அடுத்த ஞாயிறு போடி வரைக்கும் ஒரே ஓட்டம்."

டின்சி கத்தியைக் கீழே வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"பாக்டரிக்குப் போய்ட்டு வர உள்ள இருக்கிற காத்தே போதும்னு நாந்தாங்க அடைச்சேன்."