சோப்புத் தண்ணீர்

கண்ணெதிரே இருக்கும் எழுத்தையெல்லாம் காதில் மாட்டிய கருவியே வாசித்துச் சொன்னதால், ஈரோட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் எவரும் படிக்கக் கற்கவில்லை. கையுறை வாங்க மனமில்லாத முதலாளிதான் அந்தக் கருவிகளைக் கொடுத்திருந்தார். நீல டிரம்மின் எச்சரிக்கையை அவை "சோப்புத் தண்ணீர்" என்றே வாசித்தன. அதை நம்பி டிரம்முக்குள் கையை விட்ட தொழிலாளி மாரப்பனின் விரல்கள் வெந்துபோயின.

அவன் மனைவி துளசிமணி மகளோடு பொது நூலகத்துக்குப் போனாள். அங்கே நடந்த சிறுவர் வகுப்பிலேயே உட்கார்ந்து, வஞ்சம் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

ஒருநாள் பட்டறைக்குள் நுழைந்து, நீல டிரம்மில் எழுதியிருந்ததை எல்லோரும் கேட்க வாசித்தாள்: "அமிலம். தொடாதீர்."

முதலாளி சிரித்தார். "அது சோப்புத் தண்ணிதான் புள்ள."

அவள் ஒரு வாளி மொண்டு அவர் முன்னால் வைத்தாள். "அப்ப உங்க கையை உடுங்க, பார்க்கலாம்."

அவர் பின்வாங்கினார். வேலையாட்கள் காதுக்கருவிகளைக் கழற்றினார்கள். ஒருவன் போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டான்.