நடுவில் ஒரு வயர்

வீட்டையே சுமந்துகொண்டு ஊர் சுற்றும் வேன் அது. கட்டிலுக்கடியில் இருந்த பேட்டரிக்கு மூன்று நாளாகப் பட்டினி. கூரைமேலிருந்த அதன் அண்ணன் சோலார் பேனலோ நன்றாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணன் எனக்கு ஒண்ணும் குடுத்தனுப்பலையா?" என்று பேட்டரி நடுவிலிருந்த வயரிடம் கேட்டது.

"குடுத்தா நான் தரமாட்டேனா தம்பி? அவருக்கு மனசு வரல," என்றது வயர்.

பேட்டரி அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டது. ஃபிரிட்ஜ் நின்று பால் திரிந்தது.

மீட்டரோடு வந்த வேன்காரர் பேனலைத் தொடவே இல்லை. வயரின் முனையில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, நட்டை இறுக்கினார். பேட்டரிக்குள் கரண்ட் பாய்ந்தது.

"நான் ஒரு வார்த்தை பேசினேன். அண்ணன் இறங்கி வந்துட்டார்," என்றது வயர்.

"எந்தக் குடும்பமா இருந்தாலும் நடுவுல உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கணுங்க," என்றது பேட்டரி.