பதினாறாம் நாள் சோறு

"கா... கா... கா..."

கத்திக் கத்திப் பழனியாண்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. தகரக் கூரைமேல் வைத்த இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு சுருட்டு. எல்லாம் ஆறி விறைத்துப் போயிற்று. மூடுபனிதான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது, காகத்தைக் காணோம்.

இன்று அவனுடைய அண்ணன் வீரய்யாவுக்குப் பதினாறாம் நாள். காகம் வாய் வைக்காமல் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. காகத்தை என்ன, ஆள் அனுப்பியா அழைக்க முடியும்?

"மணி பன்னெண்டாச்சு," என்றாள் வீரய்யாவைப் பெற்ற ராசம்மா. "எம்புள்ளைக்கு யாரு மேலயோ தீராத கோவம். அதான் சோத்தத் தொட மாட்டேங்குறான்."

சொல்லிவிட்டு மருமகளை, வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமியை, பார்த்தாள்.

கைக்கு ஒரு வேலை இருந்தால் தேவலை என்று நாகலெட்சுமி, காலையில் நறுக்கிய காய்கறித் தோலை அள்ளி, உரத்துக்குச் சேர்க்கும் பசளை வாளியில் போட்டு மூடியை இறுக்கி அழுத்தினாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான இந்த லயத்தில் ஒரு மாதமாக இதுதான் சட்டம். முன்பு வாசலோரச் சாக்கடைக் கானில் கொட்டிய மிச்சம் மீதியெல்லாம் இப்போது வாளிக்குள் போகிறது. வாசலில் தேடினாலும் ஒரு பருக்கை கிடைக்காது.

கூரையில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. மூவரும் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். மரத்திலிருந்து சொட்டிய பனித்தண்ணீர்.

"நாகு... தண்ணி..."

வீரய்யாவின் அந்தக் குரல் நாகலெட்சுமிக்கு மட்டும்தான் கேட்டது. பதினாறு நாளாக இப்படித்தான். குடத்தைத் தொட்டால் கேட்கிறது, கோப்பையைத் தொட்டால் கேட்கிறது. அவன் போகவேயில்லை, இந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள்தான் நிற்கிறான். சோற்றை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

உள்ளதைச் சொன்னால் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காம்பரா மாமியாருடையது. சொன்ன மறுநிமிடம் அவளுக்கும் மூன்று வயது மகளுக்கும் போக்கிடம் கிடையாது.

"மதினி, நீங்க ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்க," என்றான் பழனியாண்டி. "உங்க கொரல் கேட்டா வருவாரு."

நாகலெட்சுமி வாசலில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். 'கா' வரவில்லை, அழுகைதான் வந்தது.

"என்னைய மன்னிச்சிருங்க!" கூரையைப் பார்த்துக் கதறினாள். "அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க. நெஞ்சு வலிக்குது, தண்ணி குடுன்னு மூணு தடவ கூப்பிட்டீங்க. குடிச்சுட்டு வந்து தெனமும் பண்ற கூத்துதானேன்னு, தூங்குற மாதிரியே கெடந்தேன். தூக்கத்துலேயே போயிட்டாருன்னு எல்லாருக்கும் பொய் சொன்னேன். இந்தா, சொல்லிட்டேன்! வந்து சாப்புடுங்க!"

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

ராசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை, ஏசவில்லை. உள்ளே போய் மருமகளின் சேலைகளையும் பேத்தியின் சட்டைகளையும் அள்ளிவந்து வாசலில் போட்டாள்.

"எம்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காதவ இனி எங்காம்பராவுல மிதிக்கக் கூடாது. போயிரு."

நாகலெட்சுமி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு துணிகளைப் பொறுக்கினாள். கூரைமேல் சோறு அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பசளை வாளிகளை எடுக்க வட்டவளை டவுனிலிருந்து வரும் ரிஸ்கான் படியிறங்கி வந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. வாசலில் கிடந்த துணியைத் துவைக்கப் போட்டது என்று நினைத்துத் தாண்டி வந்தான். வாளியைத் திறந்து பார்த்தான், கானைப் பார்த்தான், வானத்தையும் ஒருதரம் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வருசம் சுத்தமான லயத்துக்கான பரிசு உங்களுக்குத்தான் ராசம்மாக்கா! மூடி போட்ட வாளி குடுத்த நாள்லயிருந்து, இந்தப் பக்கம் ஒரு காக்கா கூட வாறதில்லயே!"