கரண்ட் விரதம்

“டிவியை அணைச்சிட்டு வந்துடறேங்க!”

“அட, நீ வேற யுவா! மெயின் ஃபியூஸையே பிடுங்கப் போறேன். அப்புறம் டிவியைத் தனியா வேற அணைக்கணுமா? பூட்டிட்டு இறங்கு, வெயில் ஏறுது.”

உதயகுமாருக்கு எப்போதுமே இப்படி ஒரு புத்திசாலித்தனம்.

விஷயம் இதுதான். அவன் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஒரு சவால். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை வீட்டில் கரண்டே கூடாது. செக்‌ஷனில் எல்லாரும் சொன்னபடி இருந்துவிட்டால், மலைமேல் இருக்கும் ஒரு பொண்ணுங்க ஹாஸ்டலுக்குக் கம்பெனி சோலார் விளக்கு போட்டுத் தரும். ஒரு வீட்டில் எரிந்தாலும் விளக்கு கிடையாது.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டு. பக்கத்திலேயே கீழ்வீட்டு அஞ்சலையின் கிரைண்டர் கடகடவென்று காதைத் துளைத்தது. மேனாம்பேட்டில் அந்தத் தெரு முழுக்க அவள் மாவில்தான் இட்லி.

உதயகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா அஞ்சலை, ஒரு நாளாவது இந்தச் சனியனை நிறுத்தக் கூடாதா? அங்க வருஷம் பூரா பொண்ணுங்க இருட்டுல உக்காந்து படிக்குதுங்க. அதுங்களுக்காக நான் வீட்டு ஃபியூஸையே பிடுங்கறேன். நீ என்னடான்னா கரண்டை இப்படிக் குடிக்கிற!”

“யுவராணி சொல்லிச்சுண்ணா. இன்னா பண்றது? ஞாயித்துக்கெழமதான் மாவு நல்லா போவும்” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

“மனுஷங்களுக்கு ஈவு இரக்கமே இல்லாம போச்சு” என்று முணுமுணுத்தபடி ஃபியூஸ் கட்டையில் கை வைத்தான். வெள்ளையடித்தபோது ஹவுஸ் ஓனர் போர்டிலிருந்த வீட்டு நம்பரையும் சேர்த்து அழித்திருந்தார். அதனாலென்ன, நடுவில் இருப்பதுதானே நம்முடையது! பிடுங்கினான்.

டக்கென்று கிரைண்டர் நின்றது.

“பாத்தியா யுவா? என் பேச்சு உறைச்சிருக்கு!”

கட்டையைக் கையில் பிடித்து ஒரு செல்ஃபி. ‘அந்தப் பிள்ளைகளுக்காக இன்று நானும் இருட்டில்’ என்று ஆபீஸ் குரூப்பில் போட்டான். போட்ட கையோடு போனை ஆஃப் செய்தான். கட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

எங்கே? பட்டாபிராமுக்கு, மாமனார் வீட்டுக்கு. அங்கே போன மாதம்தான் புது ஏசி மாட்டியிருந்தார்கள்.

“இது ஏமாத்து இல்லையா?” என்றாள் யுவராணி.

“நம்ம வீட்டுலதானே கரண்ட் கூடாதுன்னாங்க? மாமனார் வீட்டைப் பத்திப் பேச்சே இல்லையே!”

பிரியாணி, போர்வை, குறட்டை என்று பகல் அமர்க்களமாகப் போனது.

பொழுது சாய்ந்து, தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். மாடி இருட்டு. ஆச்சரியம், கீழ்வீடும் இருட்டு! கட்டையை மாட்டப் போனவன் திகைத்தான். போர்டில் ரெண்டு இடம் காலியாக இருந்தது.

“ஐயையோ! இன்னொண்ணை எவன் தூக்கினான்?”

அஞ்சலை கையில் விசிறியோடு வெளியே வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கட்டையை எடுத்து நீட்டினாள்.

“இதாண்ணா உங்களுது. காத்தால நீங்க எடுத்துக்கினு போனது எங்களுது.”

உதயகுமார் கட்டையை வாங்கிக்கொண்டான்.

“ஒரு... ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?”

“போட்டேன். ஆஃப்ல கீதுன்னுச்சு. மேல ஏறிப் பாத்தா உங்க டிவி பாட்டுக்குப் பாடிக்கினு கீது. ஒரு ஊட்டுல எரிஞ்சாலும் அந்தப் பொண்ணுங்களுக்கு லைட்டு கெடையாதாமே? அதான் ஓடிவந்து உங்களுதயும் கழட்டி வச்சேன்.”

“அதை உங்களுதுல மாட்டி கிரைண்டரை ஓட்டியிருக்கலாமேக்கா!” என்றாள் யுவராணி.

“மாட்டத்தான் போனேன். அப்பால அண்ணன் சொன்னது நெனப்புக்கு வந்துச்சு. வருஷம் பூரா அதுங்க இருட்டுல கெடக்குதுங்க. ஒரு நாள் நம்ம இருந்தா இன்னா? வந்தவங்களுக்கு எல்லாம் மாவு இல்லன்னு சொல்லிட்டேன். பாதி அரைச்சது புளிச்சிப் போச்சு. போனா போவுது.”

உதயகுமார் என்னமோ சொல்ல வாயைத் திறந்தான்.

“ஹச்சூ!”

அஞ்சலை பதறிப்போனாள்.

“ஐயோ பாவம்! கரண்ட் இல்லாம நாள் பூரா எங்கெங்க சுத்துனீங்களோ, வேர்வ உள்ள எறங்கி சளி புடிச்சிக்கிச்சு பாரு. இருங்கண்ணா, சுக்கு தட்டிப் போட்டு காப்பி எடுத்தாறேன்!”