தொப்பிக்காரன் கேட்ட கேசட்

அந்த வெள்ளைக்காரன் மறுபடியும் கடைப் படியேறுவதைப் பார்த்ததும், சவுரிமுத்து கேசட் காப்பி எடுக்கும் மிஷின் மேல் துண்டைப் போட்டு மூடினார்.

மேற்குத் தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய கடை. கம்பெனி கேசட் ஒன்றை வாங்கி, அதிலிருந்து நூறு காப்பி எடுத்து விற்பதுதான் தொழில். போன மாசம் குரோம்பேட்டைக் கடை ஒன்றுக்குக் கேசட் கம்பெனி ஆபீசர் ஒருத்தன் வாங்குகிறவன் மாதிரி வந்தான். மறுநாள் போலீசோடு வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான். மிஷின் போனால் கடை போச்சு.

"சிரிச்சிகினே வர்றான் பாரு. சிரிக்கிறவன நம்பவே கூடாது."

"கௌபாய் தொப்பி போட்டுகினு கீறான், இவனா ஆபீசரு?" என்றாள் மனைவி அருள்மேரி.

"ஆபீசர்னு தெரியக் கூடாதுன்னுதான் அந்த வேஷம்."

வெள்ளைக்காரன் நேராக அதே ஆங்கிலக் கேசட்டைக் காட்டி, போடச் சொல்லிச் சைகை செய்தான். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு ரயில்வே காலனி ஆங்கிலோ-இந்தியர்கள், அந்தச் சட்டைக்காரர்கள், கேட்டு வாங்குவது அது. இவனும் ஏற்கெனவே இரண்டு வாங்கிவிட்டான்.

பாட்டு ஓடியது. பாடுகிறவள் வாய் திறக்கும் முன்பே இவன் உதடு அசைந்தது.

"பாத்தியா, வரி வரியா மனப்பாடம் பண்ணி வச்சிகினு கீறான். கோர்ட்ல ஒப்பிக்கறதுக்கு."

வெள்ளைக்காரன் ஏதோ கேட்டான். சவுரிமுத்துவுக்குப் புரியவில்லை. நல்லவேளை, பக்திப் பாட்டு கேசட் வாங்க மாடம்பாக்கத்து பாங்க் ஆபீசர் ராஜகோபாலன் வந்தார்.

"சார், இன்னா கேக்கறான் இவன்?"

"இந்தக் கேசட் நல்லா விக்குதான்னு கேக்கறார்."

"ஒண்ணு கூட போணியாவலன்னு சொல்லு சார்."

"இன்னாய்யா, டிசம்பர் வந்தா எடுத்து குடுக்க கை பத்தலன்னு சொல்லுவியே" என்றாள் அருள்மேரி.

ராஜகோபாலன் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரன் முகம் மலர்ந்துபோயிற்று.

"காப்பி எல்லாம் இங்கேயே எடுக்கறீங்களான்னு கேக்கறார்."

சவுரிமுத்து துண்டை இன்னும் இழுத்து மூடினார். அவர் பதில் சொல்வதற்குள் வெள்ளைக்காரன் துண்டைத் தூக்கி மிஷினைப் பார்த்தான். பிறகு பையைத் திறந்தான்.

கைவிலங்கு வரவில்லை. ஒரு கேசட் வந்தது. அட்டையில் இதே ஆள், இதே தொப்பி, கையில் கிடார். ராஜகோபாலனிடம் வெகுநேரம் பேசினான்.

"சவுரி, இவர் லண்டன்ல மத்தவங்களுக்குப் பாட்டு எழுதிக் குடுத்தவராம். நீ விக்கற இந்தக் கேசட்ல பாதி இவர் எழுதினதுதானாம். பேரெல்லாம் பாடினவங்களுக்கே போயிட்டதால, இப்ப கௌபாய் தொப்பி மாட்டிக்கிட்டு இவரே மேடையேறிப் பாடறாராம். பீர்க்கன்கரணையில இருக்கற மகளைப் பாக்க வந்திருக்கார்."

"எளுதினவனா? அப்ப கேஸு இன்னும் ஸ்ட்ராங்கு சார்."

"இவர் பாடின கேசட் லண்டன்லயே விலை போகலையாம்."

வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றினான். தன் கேசட்டை மிஷின் மேல் வைத்து, கும்பிட்டான்.

"அதுக்கு என்னிய இன்னா சார் பண்ணச் சொல்றான்?"

ராஜகோபாலன் சொன்னார்: "இதையும் திருடி வில்லுன்னு கெஞ்சறார்."