சீராக வந்த மீன்

“பாய், பிளேடைக் கீழ போட்டுப்போடுங்க. எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமுங்க” என்றான் கிருபாசங்கர்.

நாகூர் மீரான் போடவில்லை. வளர்ப்பு மீன் கடைக்காரரான அவர், ஹாலில் இருந்த ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி முன்னால் பிளேடும் கையுமாகக் குத்தவைத்திருந்தார். தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி. உள்ளே இருப்பது மீனா முதலையா என்றே தெரியவில்லை.

“பேசறதுக்கு என்னங்க இருக்குது?” என்று சீறினாள் கிருபாவின் மனைவி ரித்திகா. “பழைய ஏடிஎம் கார்டு, வினிகர், தேங்கா நாரு, எல்லாம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன். பிளேடு போட்டாத்தான் பாசி போகும்னு பாய் சொல்றாரு. பதினோரு மணிக்கு அண்ணன் வாராரு.”

“கண்ணாடியைத் தொடவே கூடாது, பாசி இருந்தாத்தான் மீனுக்குக் குளுமைன்னு உங்க அண்ணன்தானே சொன்னாரு?”

“அது தை மாசம் சொன்னது. நாம பழனி போயிருந்த மூணு நாளு ஊட்டைப் பாத்துக்கிட்டு, கெளம்பும்போது சொல்லிப்போட்டுப் போனாரு. அதுக்குன்னு ஆனி வரைக்குமா? வாரவங்க எல்லாம் தொட்டிக்குள்ள கீரை போட்டிருக்கீங்களான்னு கேக்கறாங்க.” அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இந்த வீடு கட்டிக் குடிவந்தபோது, தொண்டாமுத்தூரிலிருந்து மச்சான் தம்பிதுரை மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். பித்தளை அண்டா, பட்டுச் சேலை, பழத்தட்டு, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் ஒரு முழ நீள அரோவானா. வாஸ்து மீனாம்!

அதைத்தான் பங்குனியில் கிருபா கொன்றுவிட்டான். தெரிந்து செய்யவில்லை, மருந்து கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் திறந்துவிட்டான். மறுநாள் மீன் மல்லாந்து கிடந்தது. ரித்திகா எழுந்திருப்பதற்குள் கருவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு, மீரான் கடைக்கு ஓடி, கிடைத்த ஒரு சாண் குட்டியைக் கொண்டுவந்து விட்டான். அன்றிலிருந்து அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பாசிதான்.

மச்சான் லேசுப்பட்ட ஆளும் இல்லை. சீர் மாட்டை விற்றுவிட்டார்கள் என்று சின்னத் தங்கச்சி வீட்டு வாசற்படியை மூன்று வருடம் மிதிக்காதவர். அடுத்த வாரம் கிருபாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறுக்கிக்கொண்டு போய்விட்டால் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது?

“பாய், நம்ம விசயம் வெளிய தெரிஞ்சுபோடாதுங்களே?” என்று குசுகுசுத்தான்.

“அட, பயப்படாதீங்க. இந்த ஊட்டு ரகசியம் அத்தனையும் என்ற கடையில பத்திரமா இருக்குதுங்க.” மீரான் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சரக் சரக்கென்று சுரண்டினார். பாசி பட்டை பட்டையாக உரிந்தது.

கடைசிப் பட்டை உரியவும் தம்பிதுரை உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

“என்னங்க மாப்ளே இது? கண்ணாடியைத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!” மச்சானின் முகம் சிவந்து, நெற்றி வேர்த்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டான் கிருபா.

விவஸ்தை கெட்ட மீன், நேராக முன்னால் வந்து வாலை ஆட்டியது. தம்பிதுரை குனிந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். நிமிரவே இல்லை.

“ஏனுங்கண்ணா, மீனு சின்னதாட்டம் தெரியுதுங்களே?” என்று எட்டிப் பார்த்தாள் ரித்திகா.

கிருபா அவளுக்கும் தொட்டிக்கும் நடுவே போய் நின்றுகொண்டான்.

“கண்ணாடி சுத்தமா இருந்தா அப்படித்தான் அம்மணி தெரியும். நீ போயி அடுப்பைப் பாரு” என்றார் தம்பிதுரை. “மாப்ளே, நீங்க கொஞ்சம் மோரு கொண்டாங்க.”

தன்னை அனுப்பிவிட்டுப் பாயை விசாரிக்கப் போகிறார்! கிருபா டம்ளரை நிரப்பிக்கொண்டு ஓடிவந்து, கதவுத் திரைக்குப் பின்னால் நின்றான்.

தம்பிதுரை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மீரானின் காதோடு காதாகக் கேட்டார்.

“ஏனுங்க பாய், தை மாசம் நான் மாத்தி உட்ட மீனு இதைவிடப் பெருசாச்சே, அது எங்கீங்க?”